நீ கதிரை அடுக்க அனுப்பிய பிள்ளை

மகளே,

அன்பு, ஆசை என்று தொடங்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. அதெல்லாம் இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. ஆனால் இப்போது என்னிடம் இருப்பது கோபம். நீ உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு இணுவிலுக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய். போன் அடித்தால் எடுக்கிறாய் இல்லை. வாட்சப்பில் போட்டால் பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரும் வாசிக்கக்கூடியதாக எழுதுகிறேன். ஏனென்றால் நீ செய்ததை நீ மட்டும் செய்யவில்லை. எத்தனையோ பள்ளிக்கூடங்களில் எத்தனையோ ரீச்சர்மார் செய்கிறார்கள், எத்தனையோ தாய் தகப்பன்மார் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். உன் பெயரை எழுதமாட்டேன், பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதமாட்டேன். பிள்ளைகளின் பெயர்களை மாற்றிவிட்டேன். யார் யார் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் கத்தும்போது "உன்னைப் படிப்பிச்சது வீண்" என்று சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது.

நான் உன்னை வேவு பார்க்க வரவில்லை. உங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்துதான் போன் வந்தது. கல்வி வலயத்தில் இருந்து ஆசிரிய ஆலோசகர்கள் வருகிறார்கள், வேறு பள்ளிக்கூட ரீச்சர்மாரும் வருகிறார்கள், ஆங்கில மொழி மூல வகுப்பில் கணிதம் படிப்பிப்பது எப்படி என்று ஒரு மாதிரிப் பாடம் நடக்கிறது, முடியத் தேநீர், பேக்கரியில் ரோல்ஸும் வடையும் எடுத்து வர ஓட்டோ வேண்டும் என்றார்கள். பாடம் எடுப்பது என் மகள். நான் ஓட்டோவைக் கழுவித் துடைத்து, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனால் அங்கே டிலக்சியும் சுரேனும் பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேரும் உன் வகுப்பு. இரண்டு பேரும் காலையும் பின்னேரமும் என் ஓட்டோவில் போய் வருகிறவர்கள். டிலக்சி கொழும்புத்துறை, தகப்பன் கடல் தொழில், அந்த வீட்டில் இருந்து ஆங்கில மொழி மூலத்துக்குப் போன முதல் பிள்ளை. சுரேன் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து தாயோடு திரும்பி வந்தவன். அவன் கதைக்கிற தமிழைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் "இந்தியாக்காரன்" என்று கூப்பிடுவார்கள், அவனும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பான்.

"ஏன் இஞ்சை நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ரீச்சர் கதிரை அடுக்கச் சொன்னவ, அன்ரி," என்றாள் டிலக்சி.

"கணக்குப் பாடம் நடக்குதெல்லோ?"

"ஓம். அது வடிவாச் செய்யிற ஆக்களுக்கு."

சுரேன் என் கையில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நாங்க ஸ்பெஷல் கெஸ்ட் அன்ரி. அதான் எங்களுக்குன்னு தனி ஹால். வடை சூடா இருக்கா?"

டிலக்சி சிரிக்கவில்லை. கதிரைக் காலில் யாரோ ஒட்டி வைத்திருந்த பழைய சுவிங்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். மேல்மாடி யன்னலால் உன் குரல் கேட்டது. நல்ல குரல், தெளிவான இங்கிலிஷ். நீ ஏதோ கேட்கிறாய், பிள்ளைகள் ஒரே சத்தமாக "யெஸ் ரீச்சர்" என்கிறார்கள். பிறகு ஆட்கள் கை தட்டினார்கள். நீ நன்றாகத்தான் படிப்பித்தாய். கெட்ட ரீச்சர் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, தலைவிதி என்று வடையை வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த இரண்டு பேருக்கும் கணக்கு வராது என்று மட்டும் நீ என்னிடம் சொல்லாதே. நான் ஓட்டோ ஓட்டுகிறவள், முன்னுக்குப் பார்த்துக்கொண்டு போனாலும் பின்னால் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். கொஞ்ச நாளுக்கு முதல் ஒரு காலை, நீ கொடுத்த வீட்டுவேலை ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டும் சண்டை பிடித்தன. சுரேன் முகாம் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலிஷ் வாசிக்கப் பழகியவன். அவன் கேள்வியை வாசித்து அவளுக்குத் தமிழில் சொன்னான். ஒரு தாங்கியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது, அதில் பாதியை எடுத்துவிட்டால் தாங்கியின் என்ன பங்கு மிச்சம். அவன் சொல்லி முடிக்க முதலே டிலக்சி மூன்று விரலை நீட்டி, ஒன்றை மடக்கி, இன்னொன்றையும் மடக்கி, "மூண்டில ஒண்டு" என்றாள்.

"அப்படி எல்லாம் விரல மடக்கக் கூடாது. பாதின்னா ரெண்டால வகுக்கணும். எனக்கு ஆறில ரெண்டுன்னு வருது," என்றான் அவன்.

"அதைத்தானேடா நானும் சொல்லுறன்! சுருக்கிப் பாரன்."

"நீ எப்ப சொன்ன? நீ விரலத்தான் காட்டின."

"விரலும் கணக்குத்தான்!"

ரயில் கேற் மூடியிருந்தது. கேற் திறக்கும் வரைக்கும் சண்டை. கடைசியில் சுரேன் கொப்பியின் பின் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கீறி, மூன்றாகப் பிரித்து, குறுக்கே இன்னொரு கோடு போட்டு ஆறாக்கிப் பார்த்துவிட்டு, "அட, ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். எனக்கும் அன்றைக்குத்தான் அது விளங்கியது. பள்ளிக்கூடத்தில் பின்னம் என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று என்பதற்கு மேல் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் நான் கேற் திறந்ததையே பார்க்கவில்லை.

"உந்த விடையை ஏன் வகுப்பில சொல்லுறேல்லை?" என்று டிலக்சியைக் கேட்டேன்.

"தமிழில கதைச்சா எழும்பி நிக்க வேணும் அன்ரி. இங்கிலிஷில சொல்லத் தெரியாது. அதால பேசாம இருக்கிறது."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது இதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "அப்பிடி இறுக்கினால்தானம்மா இங்கிலிஷ் வரும்" என்றாய். வந்ததா? வந்தது பேச்சில்லாமல் இருக்கிற பழக்கம். கணக்கு வாய்க்குள் இருக்கிறது, வாயைத் திறக்கிற மொழியை நீ தடுத்து வைத்திருக்கிறாய். பிறகு வாய் திறக்காத பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எழுதுகிறாய். இது என்ன நியாயம்?

மாதிரிப் பாடம் முடிந்த அன்று பின்னேரம் நீ முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தாய். "அம்மா, மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து செய்து காட்டச் சொல்லீனம்" என்றாய். அதற்குள் யாரோ படங்களை முகநூலில் போட்டுவிட்டார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் வரிசை முழுக்க டொக்டர் பிள்ளை, எஞ்சினியர் பிள்ளை, வங்கி மனேஜர் பிள்ளை. இரண்டு மேசை வெறுமை.

"டிலக்சியும் சுரேனும் எங்கை?" என்று கேட்டேன்.

உனக்கு உடனே விளங்கிவிட்டது. "அம்மா, நாப்பது நிமிசம்தான் தாறவை. அதுக்குள்ள ஒருத்தி முழிச்சுக்கொண்டு நிண்டா என்ரை பாடம் அப்பிடியே விழுந்துபோம். எல்லாரும் செய்யிறதுதான். பள்ளிக்கூட அதிபருக்கும் தெரியும். வாறவைக்கும் தெரியும்."

"அப்ப எல்லாருமாச் சேர்ந்து ஆரை ஏமாத்துறியள்?"

"உங்களுக்கு வகுப்பு நடத்துறதைப் பற்றி என்னம்மா தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. வகுப்புக்கு வெளியில நிக்கிறதைப் பற்றித்தான் தெரியும்."

உன் அப்பா இடையில் வந்து, "விடுமப்பா, அவள் ரீச்சர், அவளுக்குத் தெரியாததே" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லைச் சொன்னேன், நீ பையை எடுத்தாய்.

வெளியில் நிற்பதைப் பற்றி நான் உனக்கு ஒரு நாளும் விரிவாகச் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை. அம்மா படிப்பை இடையில் விட்டவள், கல்யாணமும் கெதியாய்ச் செய்தவள், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வெளியாட்கள் வரும் நாளில் எங்களில் சில பேரைப் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவார்கள். வெய்யில் ஏறிய நேரத்தில் குரோட்டன் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? வந்தவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் போவோம், பாடத்தில் இருந்து தப்பினோம் என்று. நான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரிப்பேன். சுரேன் சிரித்தானே, அதே சிரிப்பு. ஒரு நாள் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் பின் படலையால் வெளியே நடந்தேன். அடுத்த நாளும் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது, அது உண்மைதான். பிறகு தையல் கடை, புடைவைக் கடை, இப்போது ஓட்டோ, எதற்காகவும் நான் குனியவில்லை. ஆனால் நான் போகாமல் விட்ட அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் இருந்து யாராவது வருவார்கள், பேசுவார்கள், இழுத்துக்கொண்டு போவார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் வரவில்லை. என்னைக் காணவில்லை என்பதே அவர்களுக்கு வசதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

சரி, என்னை விடு. உன்னைக் கேட்கிறேன். நீ கம்பஸ் போன முதல் வருடம் ஒரு பின்னேரம் எனக்குப் போன் எடுத்து அழுதது மறந்துபோய்விட்டதா? உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்து, கணிதத்தில் ஏ எடுத்துப் போனவள் நீ. அங்கே எல்லாம் இங்கிலிஷ். "அம்மா, போர்டில எழுதுற சின்னம் எல்லாம் எனக்கு விளங்குது. நடுவில அவை சொல்லுற கதைதான் விளங்கேல்லை. எல்லாரும் எழுதீனம், நான் சும்மா இருக்கிறன். நான் மொக்கோ அம்மா?" என்று கேட்டாய். ஓட்டோவை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு நானும் உன்னோடு சேர்ந்து அழுதேன், பின்னால் ஆள் இருக்கும்போதே.

பிறகு உன்னைத் தூக்கி விட்டது என்ன என்று நீயே விடுமுறைக்கு வந்து சொன்னாய். குருநாகலில் இருந்து வந்த நதீஷா. அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்குச் சிங்களம் தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. இரண்டு பேரும் விடுதி யன்னல் கண்ணாடியில் மார்க்கர் பேனையால் வரைபடம் கீறிக் கீறித்தான் கதைத்தீர்கள். அதோடு ஒரு விரிவுரையாளர். புதிதாக எதைச் சொன்னாலும், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மொழியில் சொல்லுங்கள், பிறகு எனக்கு இங்கிலிஷில் சொல்லுங்கள், பிழை விட்டாலும் பரவாயில்லை என்பாராம். "அந்தக் கொஞ்ச நேரம்தானம்மா என்னைக் காப்பாத்தினது" என்று நீ சோறு குழைத்துக்கொண்டே சொன்னாய். இதே குசினியில்தான் சொன்னாய். இப்போது அதே கொஞ்ச நேரத்தை டிலக்சி கேட்கிறாள். அவள் வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். நீ அவளை எழும்பி நிற்க வைக்கிறாய். போன மாதம் இதை நான் சொன்னபோது, "அது கம்பஸ் அம்மா, இது பள்ளிக்கூடம்" என்றாய். அப்படியென்றால் பெரிய பிள்ளைக்கு இரக்கம், சின்னப் பிள்ளைக்குத் தண்டனையா?

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கொதித்தது. "அவளைத் தமிழ் மூலத்துக்கு மாத்திவிட்டால் அவளுக்கும் நல்லது, வகுப்புக்கும் நல்லது." தமிழ் மூலம் என்ன குப்பைத்தொட்டியா? நீ அதில் படித்துத்தான் கம்பஸ் போனாய். டிலக்சிக்கு அதுதான் விருப்பம் என்றால் சந்தோசமாகப் போகட்டும், தாய்மொழியில் கணக்குப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விரும்பிப் போவது வேறு, துரத்துவதால் போவது வேறு. துரத்தப்பட்டுப் போகிற பிள்ளை அங்கேயும் கடைசி வரிசை வாங்கில்தான் இருக்கும்.

இதில் ஊரின் பங்கும் இருக்கிறது. வாசிக்கிறவர்களும் கொஞ்சம் கேளுங்கள். பிள்ளை ஆங்கில மொழி மூலம் என்று சொல்ல வேண்டும், அதற்காக அதிபர் வாசலில் போய் நிற்கிறீர்கள். பிள்ளைக்கு விளங்குகிறதா என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? விளங்காவிட்டால் ரியூசன். நான்தானே கொண்டுபோய் இறக்குகிறேன், எனக்குத் தெரியும். ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒரு மைக், மாஸ்ரர் செய்கிற கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு பிள்ளை கை உயர்த்தி ஏன் அப்படி என்று கேட்டு நான் வாசலில் நின்று கேட்டதில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் வாய் மூடி, பின்னேரம் ரியூசனில் வாய் மூடி, பிறகு ஓ.எல் பரீட்சை முடிவு வந்ததும் பிள்ளைக்கு மூளை இல்லை என்கிறோம்.

நான் உனக்குப் படிப்பிக்கச் சொல்லித் தர வரவில்லை, மகளே. நீ பட்டம் எடுத்தவள். எனக்கு ஓட்டோவுக்குள் தெரிந்ததைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடு. அந்த இரண்டும் சண்டை பிடிக்கும்போதுதான் கணக்குப் பிடிபடுகிறது. அவர்களைச் சண்டை பிடிக்க விடு, தமிழில் பிடிக்கட்டும், சுரேன் தன்னுடைய தமிழில் பிடிக்கட்டும். பிறகு அதே கணக்கை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வரி போர்டில் எழுதிவிடு, பார்த்து வாசிக்கட்டும், நாளைக்குப் பார்க்காமல் சொல்வார்கள். கீறிக் காட்டட்டும். விரலைக் காட்டினால் அதையும் விடையாக எடு. பிழையாகச் சொன்னால் அடுத்த பிள்ளையிடம் தாவாதே, எப்படி யோசித்தாய் என்று ஒரு தரம் கேள். முன் வரிசை டொக்டர் பிள்ளைகளுக்கும் அது நல்லது. அவர்கள் இங்கிலிஷில் "யெஸ் ரீச்சர்" சொல்வதெல்லாம் விளங்கித்தான் என்று நீ நினைக்கிறாயா? ஒருவனைக் கூப்பிட்டு அந்தத் தாங்கிக் கணக்கைக் கீறிக் காட்டச் சொல்லிப் பார்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தெரிந்திருக்க வேண்டியது, வரவு இடாப்பில் நீதானே அடையாளம் போடுகிறாய். மாதிரிப் பாடம் நடந்த நாளுக்குப் பிறகு டிலக்சி என் ஓட்டோவில் ஏறவில்லை. காலையில் ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடிப்பேன், தாய் மட்டும் வந்து, "காய்ச்சல், நீங்கள் போங்கோ அக்கா" என்பாள். சுரேன் பின்னால் தனியாக இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவான். அவனிடம் இப்போது பகிடியும் இல்லை. வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"காய்ச்சல் இல்லையக்கா," என்றாள் தாய். "மாட்டன் எண்டு நிக்கிறாள். அடிச்சும் பாத்தன். இருக்கட்டும், உந்தப் படிப்பு எங்களுக்குச் சரிவராது போல. வீட்டில நிண்டு தம்பியைப் பாக்கட்டும்."

டிலக்சி பின் வாசலில் தம்பிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். "ஏன்டி வரமாட்டன் எண்டிறாய்?" என்றேன். அவள் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள்.

"நான் வந்தா ரீச்சருக்குத்தானே அன்ரி வெக்கம்."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ரீச்சர் பாவம், நல்லாப் படிப்பிக்கிறவ. நான் இருந்தா அவவின்ரை வகுப்பு விழுந்துபோம்."

மகளே, அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் வீட்டில் நிற்கிறாள். அவளுக்குக் கோபப்படத் தெரியவில்லை, அதனால் அவளுடையதையும் சேர்த்து நான் கோபப்படுகிறேன். ரீச்சர் பிள்ளையின் வீட்டுக்குப் போய், நான் செய்தது பிழை என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பிள்ளைகள்தான் முழங்காலில் நிற்பார்கள். தெரியும். உன் மரியாதை போய்விடும் என்று உன்னோடு படிப்பிக்கிறவர்கள் சொல்வார்கள். போகட்டும். அந்தப் பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வைத்திருக்கிற மரியாதையை வைத்து என்ன செய்யப் போகிறாய்? என்னைப் போகச் சொல்லாதே, நான் போய்ப் பிரயோசனம் இல்லை. நான் ஓட்டோக்கார அன்ரி. நீதான் ரீச்சர். வீட்டுக்கு வழியை இதில் எழுதமாட்டேன், உன் வாட்சப்பில் போட்டிருக்கிறேன்.

நான் எழும்பி வரும்போது டிலக்சி தம்பியின் வாயைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ரீச்சர் கணக்கில புது அலகு தொடங்கீட்டாவோ அன்ரி?"

"எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை விடிய ரீச்சர் வருவா, அவவையே கேள்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இனி உன் பாடு.

அம்மா